பழங்கல்லின் படி எடுப்பித்த பெருந்தேவியார்

திருக்கோயில் எடுத்த வேந்தரை நினைக்குங்கால் நம்மவர் நாவில் முதற்கண் வருவோர், மாடக்கோயில்கள் பல கண்ட கோச்செங்கட் சோழரும், காஞ்சிக் கயிலாயநாதர் கோயில் எடுத்த பல்லவ இராசசிம்மரும், தஞ்சைப் பெருங்கோயில் எடுத்த முதலாம் இராசராசரும் ஆவர். இவர்தம் வரிசையில் வைத்து எண்ணத்தக்க அம்மையார் ஒருவர் சோழர் குடியில் வாழ்ந்தார். தாம் எடுத்த கோயில்களின் எண்ணிக்கையாலும், அப்பணியில் நின்ற கால நெடுமையாலும் அவர் அரசர் எவர்க்கும் இளைத்தவர் அல்லர். அவரே கண்டராதித்த சோழர் தேவியாராகிய செம்பியன் மாதேவியார். அவர் செய்த பணிகள் பலவற்றுள்ளும், அதிகம் பேசப்படாத ஒன்றனை ஈண்டு விரித்துரைக்க விழைகின்றோம். அது புதிய கல்லின்மீது பழைய எழுத்தைக் காத்த பணியாம்.

அம்மையார் மழவர் குடியிற் பிறந்தவர். கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடியைச் சூழ்ந்த நாடு மழநாடு எனப்படும். அந்நாட்டுத் தலைவர் மகளார் முதற் பராந்தக சோழரின் மைந்தர் கண்டராதித்தருக்கு வாழ்க்கைப்பட்டார். செம்பியன் மாதேவி என்பது சோழ அரசியர் பலர்க்கும் வழங்கிய சிறப்புப் பெயர். ஆதலின் கல்வெட்டுக்கள் இவரைக் குறிக்குமிடத்து, கண்டராதித்த தேவர் தேவியார் என்றும், உத்தம சோழரைத் திருவயிற்றில் தாங்கிய பிராட்டியார் என்றும் அடைகொடுத்துத் தெளிவுறக் கூறுகின்றன. மாமனாராகிய பராந்தகர் ஆட்சியில், 941ஆம் ஆண்டு அளவில், உய்யக்கொண்டான் திருமலை என இன்று வழங்கும் திருக்கற்குடியில் நந்தாவிளக்கு ஒன்றுக்கு இவர் அறம் வைத்த செய்தி காணப்படுகின்றது. இராசராசர் ஆட்சியில் 1001ஆம் ஆண்டு திருவக்கரையிற் கற்றளி எடுத்த செய்தியே இவர் பணிகளுட் பிந்தியது. இவ்விரண்டிற்கும் இடையே 60 ஆண்டுகள் உள்ளன. ஒரு விளக்கில் தொடங்கிய கை அறுபது ஆண்டு ஓயாதிருந்தது என்பதை அன்பர்கள் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கணவராகிய கண்டராதித்தர் வேந்தராயினும் அடியார் கூட்டத்திலேயே வைத்து எண்ணப்படுபவர். ஒன்பதாம் திருமுறையில் திருவிசைப்பா அருளிய ஒன்பதின்மருள் அவரும் ஒருவர். தில்லைக் கூத்தன்மீது அவர் பாடிய பதிகத்தில், ஈழமும் பாண்டி நாடும் வென்ற சோழர் சிற்றம்பலத்தைப் பொன்வேய்ந்த செய்தி வருகின்றது. அச் சோழர் அவர்தம் தந்தையாரே. 949இல் தக்கோலப் போரில் தமையனார் இராசாதித்தர் யானைமேல் துஞ்சியபின், அடுத்து நின்ற கண்டராதித்தர்மீது அரசுப்பொறை வந்து பொருந்தியது. நெடுநாள் அவர் ஆண்டிலர். 957 அளவில் அவர் ஆட்சி முடிகின்றது. மைந்தர் இளையராயிருந்தமையின் ஆட்சி இளவலார் அரிஞ்சயர் வழிச் சென்றது. அதன்பின் அரியணையைச் சுற்றி நிகழ்ந்தவற்றை ஈண்டு விரிக்கப் புகவில்லை. கல்கி அவர்களின் பொன்னியின் செல்வனைப் படித்தோரும், 2022, 2023ஆம் ஆண்டுகளில் அது திரைப்படமாக வந்தபோது கண்டோரும் அம்மையாரை அக்கதை வாயிலாகவே அறிவர். கதை கதையாக இருக்கட்டும். அவர் தம்மைப்பற்றித் தாமே எழுதுவித்தவை கோயிற் சுவர்களில் உள்ளன. அவற்றை நின்று படிப்போர் சிலரேயாதல் நம் குறையாம்.

கணவர் மறைந்தபின் நாற்பதாண்டுக்கு மேல் அம்மையார் கைம்மை நிலையில் வாழ்ந்தார். கொழுநரை இழந்த அரசியர் உடன்கட்டை ஏறிய செய்திகளும் அக்குடியில் உண்டு. இவரோ இருந்து பணி செய்தார். 970 அளவில் மைந்தர் உத்தம சோழர் முடிசூடியபின் அப்பணி ஆறுபோற் பெருகிற்று. திருநல்லம், திருக்கோடிகா, தென்குரங்காடுதுறை, திருத்துருத்தி, திருமணஞ்சேரி, திருவாரூர் அரநெறி, ஆனாங்கூர், திருமுதுகுன்றம், திருவக்கரை, தம் பெயரானே விளங்கும் செம்பியன் மாதேவி என்னும் ஊர் ஆகிய இவ்விடங்களிற் கற்றளி கண்டார். இவற்றுட் பெரும்பாலன மூவர் முதலிகளின் பாடல் பெற்று, முன்னரே செங்கல்லாற் கட்டப்பட்டிருந்தவை. காவிரிப் படுகையில் மண்ணும் மணலும் உண்டு, கல் இல்லை. ஒவ்வொரு கல்லும் தொலைவிலுள்ள பாறைகளிற் பிளந்து வண்டியிலேற்றிக் கொணரப்பட வேண்டும். ஆலும் அரசும் வேரோடிப் பிளந்த செங்கற் சுவர்களை நீக்கி அவ்விடத்தே கல் அடுக்கிய பணியின் அருமையை, இன்றைக்கு அவ்வூர்களின் வயல்வெளி நடுவே நின்று நோக்குவார் நன்கு உணர்வர்.

கோனேரிராசபுரம் என இன்று வழங்கும் திருநல்லத்தில் அம்மையார் எடுத்த கற்றளி நம் நெஞ்சைத் தொடுவது. ஆங்குத் தென்புறச் சுவரில் சிறியதொரு சிற்பம் உண்டு. கண்டராதித்தர் சிவலிங்கத் திருமேனியை வழிபடுகின்றார். அதனடியில் உள்ள எழுத்து, தம் திருமகனார் அரசுசெய்தருளும் நாளில் தம் கொழுநர் திருப்பெயரால் இக்கற்றளியை அம்மையார் எடுப்பித்தார் எனக் கூறுகின்றது. பெயர் மகனுடையதும் கணவனுடையதும் ஆக, பணி மட்டுமே தம்முடையதாயிற்று. அம்மட்டோ! கோயிலைச் சமைத்த தச்சர் பெயரும் அச்சுவரிலேயே இடம்பெற்றது. ஆலத்தூரைச் சேர்ந்த சாத்தன் குணபத்தன் என்னும் அரசரண சேகரன் இத்தளியை எடுத்தான் என்றும், இராசகேசரி மூவேந்தவேளான் என்னும் பட்டம் பெற்றான் என்றும் அக்கல்வெட்டால் அறிகின்றோம். உளி பிடித்த கைக்கு வேந்தர்குலச் சிறப்புப் பெயர் வழங்கிய காலம் அது.

இனி நாம் சொல்ல எடுத்துக்கொண்ட செய்திக்கு வருவோம். காவிரியின் வடகரையில், கஞ்சனூருக்கு அணித்தாய் உள்ளது திருக்கோடிகா. திருக்கோடிக்காவல் என மக்கள் வழங்குவர். திருநாவுக்கரசர் பாடிய பதி. அங்கே அம்மையார் கற்றளி எடுக்கத் தொடங்கியபோது பழைய கோயிலைச் சார்ந்த கற்கள் பலவற்றில் முன்னோர் வைத்த அறங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. பல்லவர் நிருபதுங்கவர்மர் முதலியோர் காலத்து எழுத்துக்களும் சோழரது முற்காலத்து எழுத்துக்களும் அவற்றுள் இருந்தன. புதுக்கட்டடத்தில் அக்கற்களுக்கு இடமில்லை. என் செய்வது?

அம்மையார் அவ்வெழுத்துக்கள் அனைத்தையும் படிக்கச் செய்து, படி எடுப்பித்து, புதிய கற்சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். வெட்டியபோது, இது பழங்கல்லில் இருந்ததன் படி என்ற குறிப்பும் உடன் சேர்க்கப்பட்டது. மூலம் வேறு படி வேறு என்னும் தெளிவும், பின்னாளிற் படிப்போன் மயங்கலாகாது என்னும் நேர்மையும் அச்சிறு குறிப்பில் உள்ளன. இன்று ஆராய்ச்சி முறை என்று நாம் பெருமையாகச் சொல்லுவது ஆயிரம் ஆண்டுக்கு முன்னர் ஓர் அரசியின் திருப்பணியில் இயல்பாக அமைந்துள்ளது.

இதன் அருமையை உணரக் கல்வெட்டு என்பது யாது என்று அறிதல் வேண்டும். அதனைப் புகழ்மாலை என்று எண்ணுவோர் பலர். மெய்யாக அது ஆவணம், உரிமைச் சீட்டு. ஒருவர் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டும் என்று விரும்பினார் எனக் கொள்வோம். பொன் கொடுப்பின் அதனை ஊர்ச்சபையார் பெற்று, அதன் பொலிசையால் ஆண்டுதோறும் எண்ணெய் அளக்க ஒப்புவர். ஆடு கொடுப்பின் 90 அல்லது 96 ஆடுகளை இடையர் ஒருவர் ஏற்று, நாள்தோறும் உழக்கு நெய் கொணர்ந்து தருவார். ஆடு மூத்து இறந்தாலும் குட்டிகள் அவ்விடத்தை நிரப்பி எண்ணிக்கை குறையாதிருத்தலின் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். என்னே அழகிய சொல்! இவ்வொப்பந்தம் முழுதும் கல்லில் ஏறும். பொன் கொண்டவர் யார், அளக்க வேண்டியது எவ்வளவு, தவறினால் தண்டம் யாது என எல்லாம் அதில் இருக்கும். இறுதியில், இது பன்மாகேசுவரர் காவல் என்றும், இவ்வறம் காத்தவர் திருவடிகள் தம் தலைமேல் என்றும் எழுதி முடிப்பர்.

ஆகவே ஒரு கல்லைத் தூக்கி எறிந்தால் ஒரு விளக்கு அணையும். கடன்பட்ட சபை கடனின்று விடுபடும். நூறாண்டுக்கு முன்னர் எங்கோ இருந்த ஒரு வணிகரோ, ஒரு வேளாளரோ, பெயரறியாத ஓர் அம்மையாரோ தம் கழுத்திலிருந்து கழற்றி வைத்த பொன் எவர்க்கும் உரியதன்றாய்ப் போகும். கேட்பார் இல்லை. அரசன் தாயார் பெருங்கோயில் எடுக்கின்றார், அவர் கொடையே கடலளவு உண்டு, பழைய உழக்கு நெய் யாருக்கு வேண்டும் என்று கருமத் தலைவர் எவரேனும் சொல்லியிருந்தால் அதனை மறுக்க அன்று யார் முன்வந்திருப்பர்?

மற்றொன்றும் நோக்குக. அவ்வெழுத்துக்களுட் சில பல்லவ வேந்தரின் ஆட்சியாண்டு குறித்துத் தொடங்குவன. பல்லவர் சோழர்க்கு மேலரசராய் இருந்தவர். கண்டராதித்தரின் பாட்டனாராகிய ஆதித்த சோழரே பல்லவ அபராசிதரை வென்று தொண்டை நாட்டைக் கைக்கொண்டவர். வென்ற குடி, தோற்ற குடியின் பெயரைத் தன் செலவில், தன் கல்லில், தன் தச்சரைக் கொண்டு வெட்டுவித்தது! பழையதை மறைத்துத் தம் பெயரே நிற்கச் செய்த வேந்தரை உலக வரலாறு நெடுகக் காண்கின்றோம். திருக்கோடிகாச் சுவரின்முன் நின்று நிருபதுங்கர் பெயரைப் படிக்குங்கால் அம்மையாரின் உள்ளப் பரப்பு விளங்குகின்றது. இறைவனுக்கு உரியதாகிவிட்ட அறத்தில் குடிப்பகை நுழையலாகாது என அவர் கருதினார் போலும்.

இங்கே ஒரு வினா எழும். அப்பரும் சம்பந்தரும் தொழுத செங்கற் கோயில்கள் அம்மையாரால் அன்றோ மறைந்தன என்று கேட்போர் உளர். கேள்வி பொருளுடையதே. அவர்கள் கைகூப்பி நின்ற அச்சுவர்களை நாம் இனிக் காண இயலாது. அஃது இழப்பு அன்று என்று சொல்ல நாம் துணியோம். ஆயினும் இடியத் தொடங்கிய செங்கலைக் கல்லாக்காது விட்டிருந்தால் இன்று சுவரும் இல்லை, கல்லும் இல்லை, மேடு ஒன்றே எஞ்சியிருக்கும். எடுத்தவர் பழையதனுள் எதனை ஏந்திச் சென்றார் என்பதே நாம் கேட்க வேண்டியது. மூலத்தானம் பெயரவில்லை. பதிகப் பெருமை பெயரவில்லை. ஏழையர் வைத்த விளக்கும் பெயரவில்லை.

அம்மையார் கோயில்களில் மற்றொரு புதுமையும் நிலைபெற்றது. அதனைச் சுருங்கச் சொல்லி மேற்செல்வோம். முற்காலத்துக் கோயிற் சுவர்களில் மாடங்கள் சிலவே. அம்மையார் காலத்தில் அவை பெருகின. தென்புறத்து அர்த்தமண்டபச் சுவரில் ஆடவல்லான் திருவுருவம் அமைத்தல் அவர் எடுத்த கோயில்களில் வழக்கமாயிற்று. கணவர் பாடிய கூத்தனைத் தேவியார் ஊர்தோறும் சுவரில் எழுந்தருளுவித்தார் என்று நாம் எண்ணி மகிழ்வதில் பிழையில்லை. இன்றும் பழங்கோயில் பலவற்றில் வலம்வருவோர் தென்புறம் திரும்பியவுடன் அத்திருவுருவத்தைத் தொழுகின்றனர்.

பழவெழுத்தைக் காத்தல் அம்மையாரோடு நின்றுவிடவில்லை. அரிஞ்சயரின் பேரரும், முறையில் அம்மையார்க்குப் பேரருமாகிய இராசராசர், தம் 28ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1013 அளவில், திருமழபாடிக் கோயில் விமானத்தைப் புதுக்க ஆணையிட்டார். கல்லைப் பெயர்க்குமுன் சுவரில் உள்ள கல்வெட்டுக்களையெல்லாம் புத்தகத்தில் படியெடுக்க வேண்டும் என்பதும் அவ்வாணையில் அடங்கியது. பணி முடிவதற்குள் அவர் காலம் முடிந்தது. மைந்தர் இராசேந்திரரின் 14ஆம் ஆட்சியாண்டில் அவ்வோலைகளைக் கொண்டு அவை மீண்டும் சுவரில் வெட்டப்பெற்றன. பத்தாண்டுக்கு மேல் ஓலையில் காத்திருந்து எழுத்து கல்லுக்குத் திரும்பியது! திருமழபாடி அம்மையார் பிறந்த மழநாட்டுப் பதி என்பதனையும் அன்பர்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று.

இவற்றை நாம் இத்துணை விரித்துரைத்தது இக்காலத் திருப்பணிகளைக் கருதியே. குடமுழுக்கு நிகழாத ஆண்டில்லை என்னுமாறு ஊர்தோறும் திருப்பணி நிகழ்கின்றது. மகிழத்தக்கதே. ஆனால் எழுத்துடைய கல் படிக்கல்லாகப் புரட்டிப் போடப்பட்டதையும், கல்வெட்டின்மீது வழவழப்பான ஓடு பதிக்கப்பட்டதையும், வண்ணம் பூசப்பட்டதையும், மணலை வீசிச் சுவரைத் தூய்மை செய்ய முற்பட்டு எழுத்தின் விளிம்பு மழுங்கியதையும் நாம் பல இடங்களிற் கண்டு வருந்தியுள்ளோம். செய்தவர் யாவரும் அன்பர்களே. தீங்கு கருதியவர் ஒருவரும் இலர். அதுவே நம் வருத்தத்தை மிகுவிக்கின்றது. புதுக்கொடையாளர் பெயர் பளிங்கில் ஏறும்போது பழங்கொடையாளர் பெயர் சுண்ணாம்பிற்குள் போகின்றது.

செய்யத்தக்கது அரிதன்று. திருப்பணிக் குழுவினர் கல்லை அசைக்குமுன் தொல்லியல் துறையினர்க்கு அறிவித்து மைப்படி எடுக்கச் செய்தல் வேண்டும். நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்து, எழுத்தின் பள்ளத்துள் தாள் பதிந்தபின் மை ஒற்றி எடுப்பது அம்முறை. ஒரு கல்வெட்டுக்குச் சிறிது பொழுதே செல்லும். 1886இல் ஊல்சு என்னும் செருமானிய அறிஞர் அரசினரின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்தபின் தொடங்கிய இம்முயற்சியால், 1890 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் அச்சேறின. கல் மறைந்தும் எழுத்து எஞ்சிய இடங்கள் அவற்றால் பல. படி எடுத்தபின், பெயர்க்கும் கல் ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, மீண்டும் அவ்வரிசையிலேயே அடுக்குதல் வேண்டும். இறைவனுக்குப் பாலாலயம் அமைத்த பின்னரன்றோ கருவறையில் கைவைக்கின்றோம்? எழுத்துக்கும் அவ்வாறு ஓர் இருக்கை அமைத்த பின்னரே கல்லிற் கைவைத்தல் முறை.

திருவாரூர் அரநெறியையும் சொல்லாமல் விடுதற்கில்லை. எண்ணெய் கேட்டுச் சென்ற நமிநந்தியடிகள், சமணர் இகழ்ந்துரைக்க, திருவருளால் நீரையே முகந்து விளக்கெரித்த கோயில் அது. அக்கோயிலைக் கற்றளியாக்கியவரும் செம்பியன் மாதேவியாரே. விளக்கின் அருமை அறிந்த அடியவர் வரலாறு விளங்கும் இடத்திலே, பிறர் வைத்த விளக்கை அணையாது காத்த அம்மையார் பணி செய்தது பொருத்தம் உடைத்து.

நாகைக்கு அணித்தாய் அம்மையார் பெயரால் அமைந்த ஊர் செம்பியன் மாதேவி. ஆங்குக் கயிலாயநாதர் கோயிலும் அவர் எடுத்ததே. அவர் பிறந்த நாள் சித்திரைத் திங்கள் கேட்டை. அந்நாளில் அக்கோயிலில் சிறப்பு வழிபாடு நிகழ்தற்கு அறம் வைத்தோர் யாரெனின், உத்தம சோழரின் தேவியர். மாமியார் பிறந்த நாளுக்கு மருமகளிர் வைத்த அறம்! அரண்மனை வாழ்வின் உள்ளிருப்பைப் பற்றிக் கல்வெட்டுக்கள் பெரிதும் பேசுவதில்லை. இவ்வொன்று பேசுகின்றது. அம்மையார் மறைந்தபின், இராசேந்திர சோழர் ஆட்சியில், 1019 அளவில், அவருடைய செப்புத் திருமேனி ஒன்று அக்கோயிலில் எழுந்தருளுவிக்கப் பெற்று, அதன் வழிபாட்டிற்கும் அறம் வைக்கப்பெற்றது. அச்செய்தியும் கல்லில் ஏற்றப்பட்டுள்ளது.